பதினோரு ஆணி

"சுவத்துல ஒரு ஆணி அடிச்சாலும் வீட்ட காலி பண்ணிடணும்." ராயப்பேட்டை வீட்டுக்காரம்மா உம்மே ஹானி போட்ட ஒரே கண்டிஷன் அதுதான். சாய்நாத் அடித்திருந்தது பதினொன்று. அக்ரிமென்டைப் புதுப்பிக்க அவள் நாளைக்கு வருகிறாள்.

முன்பு குடியிருந்தவரிடம் புலம்பியதில் ஒரு பெயிண்டரின் நம்பர் கிடைத்தது. வந்தவர் கரீமுல்லா பாய். ஆணிகளைப் பிடுங்கி, பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்தார். சாய்நாத் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இங்க ஏன் சார் அடிச்சீங்க? உள்ள ஒயர் போவுது."

"உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?"

"தட்டினா தெரியும் சார்."

அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த ஸ்விட்சைப் பார்க்காமலே போட்டார். பையிலிருந்து எடுத்த டப்பாவில் அச்சு அசலாக அதே வெளிர்பச்சை பெயிண்ட்.

"கலர் நான் சொல்லவே இல்லையே?"

"ஒரு குத்துமதிப்புதான்."

திருடுவதற்கு நோட்டம் விடுகிறாரோ? சாய்நாத் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

காலிங் பெல் அடித்தது. வாசலில், நாளைக்கு வரவேண்டிய உம்மே ஹானி! சுவரில் பட்டி இன்னும் காயவில்லை.

உள்ளே வந்தவள் பெயிண்டரைப் பார்த்துத் திகைத்தாள்.

"அத்தா! நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

பெயிண்டர் இவளுடைய அப்பாவா!

"நம்ம வீடாச்சேன்னு பாக்க வந்தேம்மா. சுவரு அங்கங்க வெடிச்சிருந்துது, பட்டி பாத்தேன். ஒரு ஆணி அடிக்காம சாரு தங்கமா வெச்சிக்கினு கீறாரு."

சொல்லிவிட்டுக் கரீமுல்லா சட்டைப் பாக்கெட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உள்ளே பதினோரு ஆணிகளும் இருந்தன.