குதிரைமுடி பிரஷ்

பூட்ஸில் ஒன்று துவைகல்லில் மோதி விழுந்தது. மற்றது பெரியகருப்பனின் தோளில் பட்டு விழுந்தது.

"ஒம்போது மணிக்கு டி.எஸ்.பி. வர்றாரு. பளபளன்னு இருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராத்திரி முழுக்க ஜீப்பில் அலைந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தேடிப்போன ஆள் சிக்கவில்லை என்பது அவர் சட்டைப் பித்தானைப் பிய்த்த வேகத்திலேயே தெரிந்தது.

பெரியகருப்பன் பேருக்குத்தான் கான்ஸ்டபிள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, இந்த இன்ஸ்பெக்டர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவர் வீட்டுப் பின்கட்டில்தான் டியூட்டி. லத்தியைப் பிடித்ததைவிட பிரஷ்ஷைப் பிடித்ததே அதிகம்.

தகரப் பெட்டியில் நாலு பிரஷ் இருந்தன. விறைத்த பன்றிமுடி பிரஷ் சேறு தேய்க்க. பல் விளக்குகிற மாதிரிச் சின்னது, தையல் இடுக்கு நோண்ட. உருண்டையானது பாலிஷ் பூச. குதிரைமுடி பிரஷ்ஷைக் கடைசியில், மினுக்குவதற்கு மட்டும்தான் தொடவேண்டும். அதில் ஒரு பொட்டு மண் ஒட்டினாலும் தோல் முழுக்கக் கீறல் விழுந்துவிடும்.

வந்த முதல் வாரமே இன்ஸ்பெக்டர் இந்தப் பாடத்தை நடத்திவிட்டார். மாற்றி எடுத்தால், எடுத்த பிரஷ்ஷின் கட்டையாலேயே விரல் முட்டியில் அடி. அந்த வாரத்துக்குப் பிறகு பெரியகருப்பன் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தப்பாக எடுத்ததில்லை.

இன்றைக்குக் குதிரைமுடி பிரஷ்ஷை எடுத்தான்.

பூட்ஸின் மேல் செம்புழுதி கனமாகப் படிந்திருந்தது. அதை அழுத்தாமல், மேலாக, ஒரே பக்கமாகத் தள்ளினான்.

காப்பி டம்ளரோடு வெளியே வந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டா எருமை! மண்ணுலயா அந்தப் பிரஷ்ஷ வைக்கிற?"

பிரஷ்ஷைப் பிடுங்கி, அவனுடைய வலது கையைத் துவைகல்லில் வைக்கச் சொன்னார். வைத்தான். கட்டையின் விளிம்பால் மூன்று அடி. நடுவிரல் முட்டியில் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது.

"தப்புத்தானுங்க எசமான்."

டம்ளரில் இருந்த சுடுகாப்பியை அவர் மூஞ்சியில் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

"ஊர் ஊராப் போயிக் குத்தகை நெல்லு அளக்காதேன்னு கூட்டம் போடுறானே, அந்தச் சோலையப்பன் ஒருத்தன் போதாதா என் உசிர எடுக்க? மூணு மாசமாத் தலைமறைவா இருந்துக்கிட்டுத் தண்ணி காட்டுறான். கெடைக்கட்டும், ரெண்டு காலையும் ஒடச்சு ஜீப்புக்குப் பின்னால கட்டி இழுத்துட்டு வாரேன்."

பெரியகருப்பன் முட்டியில் வழிந்த ரத்தத்தைச் சட்டை நுனியில் துடைத்தான்.

"அதை அலசிக் காயப்போடு. பன்றிமுடிய எடு."

பன்றிமுடி பிரஷ்ஷை எடுத்தான். இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே நின்றார். அதை வைத்து ஒரு தேய் தேய்த்தால் மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் கலந்து பறந்துவிடும். பெரியகருப்பன் பூட்ஸ் லேஸை அவிழ்த்தான். அவிழ்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் கூடுதலாக அவிழ்த்தான்.

இன்ஸ்பெக்டர் காறித் துப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் பூட்ஸைத் திருப்பி வெயிலில் காட்டினான்.

செம்புழுதி உதிர்ந்த இடத்தில், தையலை ஒட்டி, வேறொரு மண் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் காய்ந்து வெடித்த களி. அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவே நொறுங்கிய கிளிஞ்சல் துண்டுகள்.

விரலால் சுரண்டினான். பிய்ந்த முட்டியில் பட்டதும் சுரீரென்று எரிந்தது.

உப்பு.

அப்படியே கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஜீப் எங்கே போனது என்று டிரைவரிடம் கேட்டிருக்க முடியாது. கேட்டால், உனக்கெதுக்கு என்று ஒரு கேள்வி வரும்.

சோலையப்பன் கீரனூர்ப் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில் பதுங்கியிருக்கிறான் என்று யாரோ இன்ஸ்பெக்டர் காதில் போட்டிருந்தார்கள். அது நிஜம்தான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருச்சி போய்விடுவதாக ஏற்பாடு. ராத்திரி ஜீப் கீரனூர் போயிருந்தால் பூட்ஸில் அடி முதல் நுனி வரை செம்மண்தான் இருந்திருக்கும்; ஆள் தப்பி ஓடியிருந்தாலும் அந்த பஸ்ஸைப் பிடித்திருக்க முடியாது.

ஜீப் நேர் எதிர்த் திக்கில், நாற்பது மைலுக்கு மேல் போய், கட்டுமாவடிக் கடற்கரைச் சேற்றில் இறங்கியிருக்கிறது.

நாலு நாளைக்கு முன்னால் அறந்தாங்கித் தபால் முத்திரையோடு ஒரு மொட்டைக் கார்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. ஆள் கட்டுமாவடியில் ஒரு படகுக்காரன் வீட்டில் இருப்பதாகவும், வியாழன் ராத்திரி கடலேறிவிடுவான் என்றும் கோணல்மாணலான எழுத்து. இடது கையால் அதை எழுதப் பெரியகருப்பனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

கீரனூரிலிருந்து முதல் பஸ் புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

களியைச் சின்னப் பிரஷ்ஷால் நோண்டி எடுத்துச் சாக்கடையில் தள்ளித் தண்ணீர் ஊற்றினான். பிறகு பன்றிமுடி, அப்புறம் உருண்டை என்று வரிசை தப்பாமல் தேய்த்தான்.

சோலையப்பனின் தகப்பன் யாரென்று ஸ்டேஷன் ரெக்கார்டில் ஒரு பெயர் இருக்கிறது. அது பொய்ப் பெயர். அவன் வீட்டுக்கும் பெரியகருப்பன் வீட்டுக்கும் ஒரே அப்பன்தான். அவர் செத்த அன்றைக்கு, கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க வந்த பத்து வயசுச் சோலையப்பனைக் கழுத்தைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளியவன் பெரியகருப்பன்.