யூனிட் குறைஞ்சிருச்சே!

"என்ன ஷஹனா, இன்னிக்கும் யூனிட் குறைஞ்சிருச்சே?"

தம்மாமில் வேலை பார்க்கும் நஸ்ருல்லா போனில் கேட்டான். பாலக்கரை வீட்டு மொட்டை மாடியில், சோலார் பேனல்களின் நிழலில் உட்கார்ந்திருந்த ஷஹனாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"புறாங்க. எச்சம் போட்டு வெச்சிருக்கு."

"நேத்தும் புறாதானே?"

"நேத்து காக்கா."

"ஒழுங்காத் தொடைக்கிறியா?"

"வந்து தொடைச்சுக் காட்டுங்களேன்."

அவன் சிரித்தான். அப்புறம் அவளுடைய முட்டி வலி, அவன் அறையில் பொங்கிய சோறு என்று பேச்சு எங்கெங்கோ போனது.

முன்பெல்லாம் அவன் தன் அம்மாவின் போனுக்குத்தான் அழைப்பான். கூடத்தில் எல்லோரும் பேசி முடித்தபின் போன் அவள் கைக்கு வரும். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன்." அவ்வளவுதான். பெண்டாட்டியைத் தனியாக அழைக்க அவனுக்குக் கூச்சம்.

பேனல் மாட்டிய பிறகு, தினமும் எத்தனை யூனிட் கரன்ட் கிடைக்கிறது என்று அவன் அங்கிருந்தே போனில் பார்த்தான். ஒருநாள் குறைந்ததும் பதறி நேராக அவளையே அழைத்தான். வைக்க மனமில்லாமல் வெகுநேரம் பேசினான்.

மறுநாளே ஷஹனாஸ் ஈரப் போர்வையை ஒரு பேனல்மேல் விரித்தாள். ஒன்று மறைந்தால் மற்றவையும் சோர்ந்துவிடும். அல்லாஹ் அள்ளிக் கொடுக்கிற வெயிலை மூடி வைக்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் தினமும் விரித்தாள்.

புறாப் பேச்சுக்கு மறுநாள் சோலார் கம்பெனியிலிருந்து அடைக்கலம் சர்வீஸுக்கு வந்துவிட்டார். அவசரமாகப் போர்வையை உருவிச் சுருட்டிக்கொண்டாள். குறையே இல்லை என்று இவர் சொல்லிவிட்டால், அப்புறம் நஸ்ருல்லா எதற்கு அழைப்பான்?

"பேனல் எல்லாம் நல்லாருக்கும்மா," என்றார் அடைக்கலம். "இந்தச் சின்னப் பெட்டிதான் போயிருச்சு. யூனிட் கணக்கை சாரோட போனுக்கு அனுப்புறது இதுதான். தீபாவளி மழையிலயே தண்ணி எறங்கிருக்கு."

"அப்படின்னா?"

"நாலு மாசமா சாருக்கு எந்தக் கணக்கும் போகலம்மா. தொடர்பு இல்லைன்னுதான் காட்டியிருக்கும். அவர் சொல்லலையா? புதுசு மாட்டிடவா?"

அவள் கையிலிருந்த போன் அடித்தது.

"என்ன ஷஹனா, இன்னிக்கு ரொம்பவே குறைஞ்சிருச்சே?"

அடைக்கலத்திடம் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஷஹனாஸ் போர்வையைக் கொடியில் விரித்துப் போட்டாள்.

"ஆமாங்க, ரொம்பவே குறைஞ்சிருச்சு. நாளைக்கும் குறையும்போல இருக்கு."