கம்பி கட்டிய நெஞ்சு

கொட்டாரம் சபையின் பாட்டு ஒத்திகையில், பாடகர் வரிசையில் கடைசியாக நிற்கும் ராஜையன் ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறார். இருதய அறுவை முடிந்து ஒன்பது வாரம் ஆகிறது. இருமும்போது அணைத்துக்கொள்ளத்தான் தலையணை கொடுத்தார்கள். அவரோ அதைக் கீழே வைப்பதே இல்லை. சாய்ந்த வெயில் சன்னல் கண்ணாடியில் சிவந்து ஆர்கன் கட்டைகளின் மேல் நடுங்குகிறது. "மாமா, பாட வந்தியளா, ஒறங்க வந்தியளா? அந்தத் தலவாணிய பெஞ்சுல போடுங்க," என்கிறான் பாட்டு நடத்தும் ஜெப்சன். பெண்கள் வரிசை சிரிக்கிறது. "நெஞ்சு பொளந்துச்சுண்ணா நீயாடே வந்து கெட்டுவ?" என்கிறார் ராஜையன். டாக்டர் தாளில் வரைந்து காட்டிய படம் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. முதுகெலும்பில் தொடங்கும் விலா எலும்புகள் வளைந்து முன்னால் வருகின்றன. மேலே உள்ள ஏழு சோடியும் குருத்தெலும்பால் நெஞ்செலும்பைப் பற்றிக்கொள்கின்றன. அந்த நெஞ்செலும்பைத்தான் நடுவே அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். முழு மூச்சு எடுத்தால் இரண்டு பக்கமும் அதை இழுக்காதா? அடுத்த வரி, மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, அவர் மட்டும் ஒரே மூச்சில் பாட வேண்டிய கீழ்க்குரல். நாளை ஆராதனையில் அதைப் பாட வேறு ஆள் இல்லை. ஜெப்சனின் கை உயர்கிறது. எங்கெங்கோ அலைந்த ராஜையனின் பார்வை முன்பெஞ்சில் இருக்கும் மனைவி ஞானசெல்வியிடம் போய் நிற்கிறது. அவள் மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் தன் நெஞ்சை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வருகிறது. தலையணையை அவள் மடியில் போட்டுவிட்டு வந்து மூச்சை இழுக்கிறார். முதுகிலிருந்து விலாக்கள் எழும்புகின்றன, நெஞ்சு சுருக்கென்கிறது, குரல் கீழ்ச்சுரத்துக்கு இறங்குகிறது. அவள் இன்னும் மூச்சு விடவில்லை.