கார்த்திகைப்பூ

வேலியில் பூத்திருந்த செங்காந்தளைப் பட்டம்மாள் காட்டினாள்.

“கண்வலிப்பூன்னு சொல்லிக்கினு இருக்காதம்மா. நம்ம பிள்ளையார்பாளையத்துல இது கார்த்திகைப்பூ. எங்கே, சொல்லு!”

“பாத்தா கண்ணு வலிக்கும்மா.”

“அதெல்லாம் வலிக்காது. சொல்லு.”

காலையிலிருந்து ஐந்து வயது மகளை அவள் விடவில்லை. கணவன் முனிரத்தினம் தறியை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

வாசலில் தாராபுரத்துப் போலீஸ் ஏட்டு வந்து நின்றார். “போன வருசம் இந்தக் காஞ்சிபுரம் கருட சேவைக் கூட்டத்துல, கண்வலிக்கிழங்கு வெளையற எங்க ஊர்ப் புள்ள ஒண்ணு காணாமப் போயிருச்சுங்க.”

“இவ என் வயித்துல பொறந்தவ சார்!”

ஏட்டு வேலியிலிருந்து அந்தப் பூவைப் பறித்துக் குழந்தையிடம் நீட்டினார். “இது என்ன பூ, அம்மிணி?”

“கார்த்திகைப்பூ.”

பட்டம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெருமையோடு திரும்பிப் பார்த்தாள்.

குழந்தை இரண்டு கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டு நின்றது.