மஞ்சன் மாறிய மரம்

தூக்கணாங்குருவி மஞ்சன் காக்கைகள் நடுவே குடியிருந்தான். அவன் எதைப் பின்னினாலும் அவை பாசத்தோடு, "பிரமாதம்!" என்று கொண்டாடும். துணை தேடி வந்த பெண்குருவிகளோ கூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிடுவார்கள்.

மனம் நொந்த மஞ்சன், தன் இனத்தார் நிறைந்த ஈச்சமரத்துக்குக் குடிபோனான். பக்கத்துக் கிளைக் கதிரன் முதல் நாளே, "மச்சான், இந்த முடிச்சு நிக்காது" என்று பிரித்துப்போட்டான். மஞ்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கதிரனின் அலகு புல்லை மடக்கும் விதத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி பின்னினான்.

ஒரு காலையில் பெண்குருவி ஒருத்தி வந்தாள். கூட்டை இழுத்தாள், உலுக்கினாள், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மஞ்சன் கதிரனிடம் பறந்தான். "மச்சான், உள்ளே போயிட்டா!"

பாதி முடிந்த தன் கூட்டிலிருந்து கதிரன் சிரித்தான். "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கத்தாதே, வெளியே வந்துடப் போறா!"