மார்லிஸ் கேட்ட யோசனை

மினியாபொலிஸில் வேலை ஆலோசகரான நோலனைப் பார்க்க மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள் மார்லிஸ். உட்கார்ந்த பிறகும் கோட்டைக் கழற்றவில்லை.

"ஆறு வருஷமா ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கறேன் சார். ஞாயித்துக்கிழமைகூட நகர முடியல. இன்னிக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரங்களை உட்கார வெச்சுட்டு வந்தேன். நான் வாசப்பக்கம் போனாலே அழறாங்க."

"உங்களுக்கு என்ன ஆசை?"

"பேக்கரி வேலை கத்துக்கணும். திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது."

"அப்ப சேருங்க!"

"அந்த அம்மா?"

"பிள்ளைங்க இல்லையா?"

"ஒரே பையன். என்னை வேலைக்கு அனுப்பின ஏஜென்சிகிட்ட மட்டும் போன்ல பேசுவார். ஒரு தடவைகூட வந்ததில்ல."

நோலனுக்குக் கோபம் வந்தது.

"அது அவன் பாடு மார்லிஸ். அவன் சுமையை நீங்க தூக்கினா, காலம்பூரா அந்த வீட்டுலயே அடைஞ்சு கிடப்பீங்க. வெள்ளிக்கிழமையோட வேலையை விடுங்க."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது?"

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். கைப்பையிலிருந்து ஒரு மாற்றுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இருப்பேன் சார். சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு உங்கம்மாவுக்கு மாத்திரை கொடுக்கணும். மறந்துடாதீங்க."