நாலு மணி டீ

“சென்னைல தங்கறதுக்கு வேற ஓட்டலே கெடைக்கலியாங்க? பெரிய ஸ்டார் ஓட்டலுதான் வேணுமா?” என்றாள் வேதவல்லி.

திண்டிவனம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார் அவள் கணவர் தணிகாசலம்.

“அங்கதான் நாலு மணிக்கு கேக்கு, பிஸ்கட்டோட டீ தர்றாங்க. அதுக்கும் சேத்து புக் பண்ணிட்டேன்.”

“உங்களுக்கு சுகரு. அதுல ஒண்ணக்கூட நீங்க தொடக்கூடாது.”

“தொடமாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு?”

அவர் நடப்பதை நிறுத்தினார்.

“ஆசப்பட்டவன கட்டிக்கினதுக்காக நம்ம பொண்ண வீட்டுப் பக்கம் வராதன்னு தொரத்தினேன். ரெண்டு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. போன் பண்ணா கட் பண்றா. அந்த ஓட்டல்ல நிவேதாதான் டீ குடுக்கறாளாம். டேபிள்ல போய் உக்காந்தா, ‘என்ன வேணும் சார்’னாவது எங்கிட்ட கேட்டுத்தானே ஆவணும்?”